நொதித் தடுப்பான்கள்: மரச்சீனி நாட்டுச் சான்றுகள்

உயிரணுக்களுக்குள் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள் நொதிகள் எனப்படும். ஒரு நொதியோடு இணைந்து அதன் வேகத்தைக் குறைக்கும் அல்லது அறவே நிறுத்தும் பொருள் நொதித் தடுப்பான் எனப்படும். கொதிநீரில் இட்ட நொதியும் செயலிழக்கும். ஆனால் அது புரதத்தின் மடிப்புகள் குலைவதால் நேர்வது, தடுப்பு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. தடுப்பான் நொதியின் வடிவத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, அதன் ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு வேலையை முடக்குகிறது. அது எந்த இடத்தைப் பற்றுகிறது, நொதி எந்த நிலையில் இருக்கும்போது பற்றுகிறது, எவ்வளவு உறுதியாகப் பற்றுகிறது ஆகிய மூன்றையும் பொறுத்தே தடுப்பின் வகை அமைகிறது. முடங்கிய நொதியை மீட்க முடியுமா, எந்த வழியில் முடியும் என்பதும் அந்த வகையிலிருந்தே தெரியவருகிறது. பாடநூல்கள் இவ்வகைப்பாட்டை வரைகோடுகளின் வேறுபாடாகக் கற்பித்து நிறுத்திவிடுவது வருந்தத்தக்கது. ஏனெனில் நஞ்சுண்டவருக்கு எந்த மருந்து பலிக்கும், எது பலிக்காது என்ற கேள்விக்கான விடை பலமுறை அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கிலுள்ள காட்டாக்கடையும், நெய்யாற்றின்கரை, பாறசாலை சுற்றுவட்டத்து எல்லைக் கிராமங்களும் இவ்வகைகள் அனைத்துக்கும் சான்று தரும் நிலமாக இருக்கின்றன. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. காட்டாக்கடை 2014இல் தனி வட்டமாயிற்று. எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இருபுறமும் பேச்சும் சமையலும் பயிரும் பெரிதும் ஒன்றே. தமிழகத்தின் பிற பகுதிகளில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு என்றெல்லாம் வழங்கும் கிழங்கு இங்கே இரு மொழியினர் நாவிலும் மரச்சீனிதான். மேட்டில் ரப்பரும் சரிவில் மரச்சீனியும் தாழ்நிலத்தில் ஏத்தன் வாழையுமாகக் கிடக்கும் இந்த நிலத்தின் அடுக்களையிலும் தோட்டத்திலும் நாள்தோறும் கையாளப்படும் பொருள்கள் பலவற்றில் நொதித் தடுப்பான்கள் உள்ளன.

வேகத்தின் கணக்கு

நொதி எப்பொருளை மாற்றுகிறதோ அது வினைபொருள் என்றும், அப்பொருள் வந்து அமரும் குழிவு செயல்மையம் என்றும் அழைக்கப்படுகின்றன. ஒரு நொதிக்குக் குறிப்பிட்ட வினைபொருளே பொருந்துவதைப் பூட்டும் சாவியும் போல என்று எமில் ஃபிஷர் 1894இல் விளக்கினார். வினைபொருளின் செறிவு கூடக் கூட வேகம் முதலில் விரைந்தேறி, பின்னர் தளர்ந்து, எல்லா செயல்மையங்களும் நிரம்பிய நிலையில் ஓர் உச்சத்தை அணுகி நிற்கும் என்பதை 1913இல் லியோனார் மிக்கேலிசும் மாட் மென்டனும் சமன்பாடாக்கினர். உச்ச வேகத்தில் பாதி கிடைப்பதற்கு வேண்டிய செறிவு மிக்கேலிஸ் மாறிலி எனப்படும். இது சிறியதாக இருந்தால், குறைந்த வினைபொருளிலேயே நொதி பாதி வேகத்தை எட்டிவிடும் என்று பொருள்.

ஒரு நொதியின் உச்ச வேகத்தை 100 என்று கொண்டால், வினைபொருளின் செறிவு மிக்கேலிஸ் மாறிலிக்குச் சமமாக உள்ளபோது வேகம் 50 ஆகவும், பத்து மடங்காக உள்ளபோது ஏறத்தாழ 91 ஆகவும் இருக்கும். செயல்மையத்தையே பற்றும் தடுப்பானை, அதன் பற்றுதிறனைக் குறிக்கும் தடுப்பு மாறிலிக்குச் சமமான அளவில் சேர்த்தால் இவ்வேகங்கள் 33, 83 என மாறுகின்றன. வினைபொருள் பெருகும்போது தடுப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. செயல்மையத்துக்கு வெளியே, நொதி வெறுமையாக இருந்தாலும் நிரம்பியிருந்தாலும் ஒரே உறுதியுடன் பற்றும் தடுப்பானாயின் வேகம் 25, 45 எனப் பாதியாகவே நிற்கும்; வினைபொருளை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. வினைபொருள் அமர்ந்த பிறகே நொதியைப் பற்றும் மூன்றாம் வகையில் வேகம் 33, 48 ஆகிறது. வினைபொருள் மிகக் குறைவாக உள்ளபோது இவ்வகைத் தடுப்பு இருப்பதே தெரியாது, வினைபொருள் தேங்கத் தேங்க அது இறுகும். முதலாவது போட்டித் தடுப்பு, இரண்டாவது போட்டியற்ற தடுப்பு; மூன்றாவதற்குத் தமிழில் நிலைத்த சொல் அமையாமையால் அதை இணைந்தபின் தடுப்பு என்று இங்கு குறிப்பிடலாம். இம்மூன்றும் தடுப்பான் விலகினால் நொதி மீளும் வகைகள். நான்காவதான மீளாத் தடுப்பில் தடுப்பான் நொதியோடு வலிய வேதிப்பிணைப்பால் ஒட்டிவிடுகிறது.

இடத்துக்கான போட்டி

சந்தையில் ஒரே தராசு தொங்க, வாழைக்குலைகளோடு வந்தவர்களுக்கு நடுவே குலையின் அளவும் வடிவும் கொண்ட வேறொன்றை யாரோ கொக்கியில் மாட்டிவிட்டால், அது அகலும்வரை நிறுவை நடக்காது. ஆனால் குலைகளே பெருவாரியாக வரிசையில் நின்றால் கொக்கி பெரும்பாலும் குலைகளுக்கே கிடைக்கும். போட்டித் தடுப்பான் இவ்வாறு வினைபொருளைப் போன்ற உருவத்தால் இடத்தைப் பிடிக்கிறது.

திருவிதாங்கூர் மீன்குழம்பின் புளிப்புக்குக் காரணமான குடம்புளி இதற்குத் தேர்ந்த எடுத்துக்காட்டாகும். வெயிலிலும் புகையிலும் உலர்ந்து கருத்த அதன் தோலைச் சட்டியில் இட்டுக் கொதிக்கவைக்கும்போது இறங்கும் அமிலம் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமென்றோ புளியின் டார்டாரிக் அமிலமென்றோ நெடுங்காலம் கருதப்பட்டது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் ஒய்.எஸ். லூயிசும் எஸ். நீலகண்டனும் 1965இல் அது ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று காட்டினர். சிட்ரிக் அமிலத்தின் மேல் ஓர் ஆக்சிஜன் அணு மட்டும் கூடுதலாகக் கொண்ட இம்மூலக்கூறு, மாவுப்பொருளிலிருந்து கொழுப்பு உருவாகும் வழியில் சிட்ரேட்டைப் பிளக்கும் ஏ.டி.பி. சிட்ரேட் லையேஸ் என்னும் நொதியின் செயல்மையத்தில் சிட்ரேட்டுக்குப் பதிலாக அமர்ந்துவிடுகிறது என்பதை அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் லோவன்ஸ்டைன் குழுவினர் 1969இல் கண்டனர். இக்கண்டுபிடிப்பு குடம்புளிச் சாற்றை உடல் மெலியும் மாத்திரையாக உலகெங்கும் விற்கச் செய்தது. ஆனால் 135 பேரிடம் 12 வாரம் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில், வெற்று மாத்திரை உண்டவர்களைவிட இதை உண்டவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் மெலியவில்லை. போட்டித் தடுப்பின் இயல்பை அறிந்தவர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது: உயிரணுவுக்குள் சிட்ரேட் போதிய அளவில் இருந்தால் அதுவே தடுப்பானை வெல்லும், மேலும் வழக்கமான உணவு உண்ணும் மனிதரின் உடற்கொழுப்பில் பெரும்பகுதி உணவிலிருந்த கொழுப்பாகவே வருகிறது, இந்த நொதியின் வழி உருவாவது சிறுபகுதியே. சோதனைக்குழாயில் வல்லமை காட்டும் தடுப்பான் உடலுக்குள் வலுவிழப்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

எதிர்த்திசையில், போட்டியையே மருந்தாக்கும் முறை மெத்தனால் நஞ்சில் உள்ளது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கலில் 31 பேரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரையும் பலிகொண்ட கள்ளச்சாராயத்தின் கேடு மெத்தனாலால் நேர்ந்ததே. மெத்தனால் தன்னளவில் அவ்வளவு கொடியதன்று. கல்லீரலின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்க, அது மேலும் மாறி உண்டாகும் ஃபார்மிக் அமிலமே பார்வை நரம்பை அழிக்கிறது. அந்த நொதி மெத்தனாலைவிட எத்தனாலைப் பன்மடங்கு விரும்பிப் பற்றும் என்பதால், மருத்துவமனையில் அளந்து செலுத்தும் எத்தனால் செயல்மையத்தைப் பிடித்துக்கொள்ள, மெத்தனால் மாறாமலே சிறுநீரகத்தாலும் குருதிச் சுத்திகரிப்பாலும் வெளியேறுகிறது. எத்தனால் தானும் மாற்றமடையும் போட்டி வினைபொருள். ஃபோமெப்பிசோல் என்னும் மருந்தோ மாற்றமடையாமல் இடத்தை அடைத்து நிற்கும் உண்மையான போட்டித் தடுப்பான்.

கொழுப்பைக் குறைக்க உண்ணும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. 1970களில் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த முதல் ஸ்டாட்டின் கொலஸ்டிரால் உருவாக்கத்தின் தொடக்கப் படிகளுள் ஒன்றான எச்.எம்.ஜி.-கோ.ஏ. ரிடக்டேஸ் நொதியைப் போட்டியிட்டுத் தடுத்தது. காட்டாக்கடை மேடுகளில் விடியுமுன் வெட்டிய ரப்பர் மரம் சிரட்டையில் சொட்டும் பால், அதே நொதி இடம்பெறும் அதே வினைத்தொடரில் உருவாவதே. மனிதக் கல்லீரல் கொலஸ்டிராலாகக் கட்டும் மூலப்பொருளை மரம் ரப்பராகக் கட்டுகிறது.

மரச்சீனியும் சயனைடும்

போர்த்துக்கீசியர் வழியாகக் கேரளம் வந்த மரச்சீனியை ஏழைகளின் உணவாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது நாட்டின் பசியை ஆற்றியதும் இக்கிழங்கே. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆய்வு நிறுவனம் தான் வெளியிட்ட ஒரு வகைக்கு ஸ்ரீ விசாகம் என்று அம்மன்னரின் பெயரையே சூட்டியிருக்கிறது.

மரச்சீனியின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளிலும் லினமாரின் என்னும் சர்க்கரைச் சேர்மம் உண்டு. இலையில் மிகுதியாகவும், கிழங்கின் தோலில் அதற்கடுத்தும், உள்சதையில் குறைவாகவும் அது இருக்கிறது. உயிரணுவின் நீர்ப்பைக்குள் லினமாரினும், அணுச்சுவரில் அதைப் பிளக்கும் லினமாரேஸ் நொதியும் தனித்தனியே இருப்பதால், முழுமையாக இருக்கும் கிழங்கில் ஒன்றும் நேர்வதில்லை. கத்தி பட்டோ பல் பட்டோ அணு சிதைந்தவுடன் இரண்டும் கலந்து, குளுக்கோசும் அசிட்டோன் சயனோஹைட்ரினும் உண்டாக, பின்னது மேலும் சிதைந்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடுகிறது. வறட்சிக் காலத்தில் விளைந்த கிழங்கு கசப்பதும், வேலி தாண்டிய ஆடு மரச்சீனி இலையைத் தின்று சாய்வதும் இதனால்தான். ரப்பர் மரமும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலையிலும் வித்திலும் லினமாரின் உள்ளது.

சயனைடின் இலக்கு, உயிரணுக்களின் மைட்டோகாண்டிரியாவில் மூச்சின் கடைசிப் படியை நடத்தும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதி. சயனைடும் கார்பன் மோனாக்சைடும் உயிரணு மூச்சை நிறுத்துவதைக் கொண்டே அங்கு இரும்பு அடங்கிய ஒரு நொதி இருக்கவேண்டும் என்று உய்த்துணர்ந்த ஓட்டோ வார்பர்க் 1931இல் நோபல் பரிசு பெற்றார். தடுப்பான் ஒன்று நொதியைத் தேடிக்கண்டுபிடிக்கும் கருவியாகவும் அமையும் என்பதற்கு இது முதன்மையான சான்று. உண்ட உணவிலிருந்து வரும் மின்னணுக்களை இந்நொதி ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. ஆக்சிஜன் வந்து அமர்வது நொதியிலுள்ள இரும்பு மின்னணுவை ஏற்றுக் குறைந்த நிலையில் இருக்கும்போது. சயனைடு இறுகப் பற்றுவதோ அதே இரும்பை, அது மின்னணு இழந்த நிலையில் இருக்கும்போது. எனவே ஆக்சிஜனை மிகுதியாக்கினாலும் அது சயனைடை நேரடியாக இடம்பெயர்க்காது; ஆக்சிஜனை நோக்க இது போட்டியற்ற தடுப்பு. மூடிய அறையில் கரி எரிவதால் வரும் கார்பன் மோனாக்சைடு குறைந்த நிலை இரும்பைப் பற்றுவதால் அது ஆக்சிஜனோடு போட்டியிடுகிறது. அங்கே ஆக்சிஜனே மாற்று மருந்தாகிறது. ஒரே நொதியின் ஒரே இரும்பணுவில் நிகழும் இரு தடுப்புகள் இரு வகைகளாகப் பிரிவதும், அதனால் மருத்துவமும் பிரிவதும் இத்துறையில் மிக நுட்பமான இடம். மெத்தனாலிலிருந்து உண்டாகும் ஃபார்மிக் அமிலம் தாக்குவதும் இதே நொதியைத்தான்.

சயனைடு உண்ட ஆட்டின் ஈறும் கண்ணிமையின் உட்புறமும் வெளிறாமல் பளீரெனச் சிவந்திருக்கும். நரம்பில் குத்தியெடுத்த குருதி தமனிக் குருதிபோலத் தோன்றும். மூச்சுத்திணறும் உயிரில் இந்நிறம் முரணாகத் தெரிந்தாலும் காரணம் எளிது: குருதி சுமந்துவரும் ஆக்சிஜனைத் திசுக்களால் எடுத்துக்கொள்ள இயலாமையால் அது செலவாகாமலே திரும்புகிறது.

போட்டியால் அகற்ற முடியாத தடுப்பானை அகற்றுவதற்கு அதைக் கவரும் வேறொரு பொருளை அருகில் வைப்பதே வழி. சோடியம் நைட்ரைட் செலுத்தினால் குருதிச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதி மின்னணு இழந்த இரும்பைக் கொண்டதாக மாறி, நொதியிடமிருந்து சயனைடைத் தன்னிடம் ஈர்க்கிறது. பின்னர் செலுத்தும் சோடியம் தயோசல்ஃபேட்டிலிருந்து கந்தகத்தை எடுத்துச் சயனைடோடு சேர்க்கும் ரோடனீஸ் என்னும் நொதி, அதைத் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. கோபால்ட் அடங்கிய வைட்டமின் பி12இன் ஒரு வடிவமான ஹைட்ராக்சோகோபாலமின் சயனைடை நேரடியாகவே பிடித்துக்கொள்கிறது.

அடுக்களையில் நிகழ்வதும் இந்த வேதியியலே. சயனைடு அளவு பச்சைக் கிழங்கின் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாயின் தீங்கற்றது, 100க்கு மேற்பட்டால் ஆபத்தானது என்று போல்ஹுயிஸ் 1954இல் வகுத்த எல்லை இன்றும் எடுத்தாளப்படுகிறது. மலேசியாவிலிருந்து வந்த எம்-4 போன்ற சமையல் வகைகள் குறைந்த அளவினவாகவும், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் எச்-226 போன்றவை கூடுதல் அளவினவாகவும் உள்ளன. தோலை உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு தண்ணீரில் உப்பிட்டு வேகவைப்பது இவ்வூர்களின் வழக்கம். கொதி ஏறியவுடன் லினமாரேஸ் அழிந்துபோவதால், எஞ்சிய லினமாரின் பிளவுபடாமல் தண்ணீரில் கரைந்தே வெளியேற வேண்டியிருக்கிறது. துண்டு சிறிதாகவும் தண்ணீர் மிகுதியாகவும் இருக்கவேண்டும், அந்தத் தண்ணீரைக் கொட்டியே ஆகவேண்டும் என்பவற்றின் காரணம் இதுதான். பெரிய துண்டுகளாகக் குறைந்த நீரில் வேகவைத்தால் சுவை நிற்கலாம், லினமாரினும் நிற்கும்.

வேகவைத்த மரச்சீனியில் மிஞ்சும் சிறிதளவு சயனைடை ரோடனீஸ் நொதி கையாள்வதற்குக் கந்தகம் வேண்டும்; அக்கந்தகம் மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் புரதக் கூறுகளிலிருந்து வருகிறது. மரச்சீனியில் புரதம் சொற்பம். 1981இல் மொசாம்பிக்கில் வறட்சியின்போது கசப்பு மரச்சீனியை முறையாகப் பதப்படுத்தாமல், புரதம் சேராமல் உண்டவர்களிடையே கால்கள் முடங்கும் கோன்சோ நோய் கொள்ளைநோய்போலப் பரவிற்று. மரச்சீனியோடு மீன்குழம்பு சேர்த்து உண்ணும் திருவிதாங்கூர்ப் பழக்கம் சுவைக்காக அமைந்ததாயினும், மீனின் கந்தகப் புரதம் உடலுக்குத் தந்த காப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது.

வினைபொருள் அமர்ந்தபின் வரும் தடுப்பு

இணைந்தபின் தடுப்பு இயற்கையில் அரிது. ஆனால் உலகில் மிகுதியாகத் தெளிக்கப்பட்ட களைக்கொல்லியான கிளைஃபோசேட் அதற்கு உதாரணமாயிற்று. 1970இல் ஜான் ஃபிரான்ஸ் கண்டறிந்து 1974இல் விற்பனைக்கு வந்த இப்பொருள் ரப்பர், வாழைத் தோட்டங்களின் களையை ஒழிக்கப் பயன்பட்டு, 2019 பிப்ரவரியில் கேரள அரசால் தடைசெய்யப்பட்டது. செடிகள் சில அமினோ அமிலங்களை உருவாக்கும் ஷிகிமேட் வழியில் ஒரு நொதி இரண்டு பொருள்களைச் சேர்க்கிறது. முதற்பொருளான ஷிகிமேட்-3-பாஸ்பேட் அமர்ந்த பிறகே கிளைஃபோசேட் வந்து இரண்டாம் பொருளின் இடத்தைப் பிடிக்கிறது. எனவே முதற்பொருளை நோக்க இது இணைந்தபின் தடுப்பு, இரண்டாம் பொருளை நோக்கப் போட்டித் தடுப்பு. தடைப்பட்ட வழியில் முதற்பொருள் தேங்கத் தேங்க, தடுப்பான் பற்றுவதற்கேற்ற நொதிகள் பெருகி, செடி தன் முயற்சியாலேயே தன் கட்டை இறுக்கிக்கொள்கிறது. விலங்குகளில் இந்த வழி இல்லாமையால் இந்நொதியும் இல்லை. ஆயினும் கிளைஃபோசேட்டினால் பிற தீங்கே இல்லை என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது அறிவியலாகாது.

மீளாத் தடுப்பு

ஏத்தன் வாழையின் குழியில் நூற்புழுவுக்கும், இலைக்கக்கத்தில் கூன்வண்டுக்குமாக இடப்பட்ட குருணை மருந்துகள் ஃபியூரடான் எனப்படும் கார்போஃபியூரானும் ஃபோரேட்டும். முன்னது கார்பமேட் இனம், பின்னது கரிமப் பாஸ்பரஸ் இனம். இரண்டும் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்னும் ஒரே நொதியை முடக்குகின்றன. நரம்பு முனையில் செய்தி கடந்தவுடன் அசிட்டைல்கோலினை நொடிக்குப் பல ஆயிரம் மூலக்கூறு வீதம் பிளந்து அப்புறப்படுத்தும் இந்நொதி நின்றால், செய்தி முடிவின்றித் தொடர்கிறது: வாயில் நீர் ஊறிக் கடைவாயில் வழிகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, தசை துடிக்கிறது, மூச்சுக்குழாய் நீரால் நிறைகிறது, இறுதியில் மூச்சுத் தசை ஓய்கிறது. வெறுங்கையால் குருணையை அள்ளி மழைக்காலத்தில் வாழைமூட்டில் தூவிய கூலியாட்களுக்கு இந்த வேதியியலை யாரும் சொல்லவில்லை என்பது வேளாண்மையின் பெருங்குறை.

இரு இனங்களின் வேறுபாடு நொதியின் செயல்மையத்திலுள்ள செரின் என்னும் கூறில் ஒட்டிய துண்டு எவ்வளவு காலம் நிற்கிறது என்பதே. கார்பமேட் ஒட்டிய நொதி சில மணிநேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தானாக விடுபடுகிறது. பாஸ்பரஸ் ஒட்டிய நொதி மிக மெல்லவே விடுபடும். அதற்குள் ஒட்டிய துண்டிலிருந்து ஒரு பகுதி உதிர்ந்து, பிணைப்பு பிரிக்க முடியாததாகிவிடுகிறது. முதிர்தல் எனப்படும் இம்மாற்றத்தின் அரைவாழ்வு டைமீத்தைல் வகைகளில் ஏறத்தாழ 4 மணி, டைஈத்தைல் வகைகளில் ஏறத்தாழ 33 மணி. பிராலிடாக்சிம் என்னும் மருந்து செரினிலிருந்து பாஸ்பரசைப் பிய்த்தெடுக்கவல்லது, ஆனால் முதிர்ந்த நொதியில் அதற்கு வேலையில்லை. இலங்கையில் நடந்து 2009இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில் அது இறப்பைக் குறைக்கவில்லை. அட்ரோப்பின் இந்த நொதியைத் தொடுவதே இல்லை. தேங்கிய அசிட்டைல்கோலின் வந்து தட்டும் ஏற்பிகளை மூடி, புது நொதி உருவாகும்வரை உயிரைத் தாங்குகிறது.

கேரள அரசு 2011இல் ஃபியூரடான், ஃபோரேட் உள்ளிட்ட பல மருந்துகளைத் தடைசெய்தது. நாடு முழுவதற்குமான ஃபோரேட் தடை 2020 டிசம்பர் 31இலேயே நடைமுறைக்கு வந்தது. ஒன்பது ஆண்டுக்காலம் மாநில எல்லையின் ஒருபுறம் விலக்கப்பட்ட குருணை மறுபுறம் சட்டப்படி விற்கத்தக்கதாக இருந்தது. நாடு தழுவிய தடையின் வலிமையை இலங்கை காட்டியிருக்கிறது: மிகக் கொடிய வகைப் பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதி 1995இல் அங்கு நிறுத்தப்பட்டபின் தற்கொலை இறப்புகள் பெருமளவு குறைந்தன.

கொல்லும் தடுப்பின் வகையே குணப்படுத்தவும் செய்கிறது. நினைவிழப்பு நோய்க்குத் தரப்படும் ரிவாஸ்டிக்மினும், தசைத்தளர்வு நோய்க்குத் தரப்படும் பைரிடோஸ்டிக்மினும் அளவில் அடங்கிய கார்பமேட்டுகளே. ஆஸ்பிரின் மீளாத் தடுப்பின் பயனைத் தெளிவாகக் காட்டுகிறது: அது சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் செரினில் ஓர் அசிட்டைல் துண்டை ஒட்டிவிட, உட்கரு இல்லாத குருதித் தட்டுகளால் புது நொதி செய்துகொள்ள இயலாமையால், அத்தட்டின் ஏறத்தாழ 10 நாள் வாழ்நாள் முழுதும் தடுப்பு நீடிக்கிறது. குருதி உறைவைத் தவிர்க்கச் சிறு மாத்திரை நாளுக்கு ஒன்று போதுவது இதனால்தான்.

காவலாக நிற்கும் தடுப்பான்கள்

தடுப்பான் இல்லாமையும் நோயாகும். 1960களில் கேரள மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ், இளவயதிலேயே கணையத்தில் கல் படிந்து, வயிற்றுவலியும் நீரிழிவும் கண்டு மெலியும் நோயாளிகளைப் பெருந்தொகையில் ஆராய்ந்து 1968இல் நூலாக்கினார். வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர்பெற்ற இந்நோய்க்கு மரச்சீனியின் சயனைடே காரணமாகலாம் என்ற கருதுகோளை அவரும் மக்மிலனும் 1979இல் முன்வைத்தனர். ஏழையின் உணவு நெடுங்காலம் குற்றவாளிக் கூண்டில் நின்றது. ஆனால் மரச்சீனி உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டது. சென்னை ஆய்வாளர்கள் எலிகளுக்கு நீண்டகாலம் மரச்சீனி ஊட்டிப் பார்த்து, கணைய அழற்சியோ நீரிழிவோ உண்டாகவில்லை என 2000இல் அறிவித்தனர்.

2002இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் உள்ளிட்ட பல குழுவினர் வேறு திசையில் விடை கண்டனர். கணையம் டிரிப்சின் என்னும் புரதம் செரிக்கும் நொதியைச் செயலற்ற முன்வடிவில் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. அது வழியிலேயே விழித்துக்கொண்டால் கணையம் தன்னையே செரிக்கும். அவ்வாறு தவறி விழித்த டிரிப்சினின் செயல்மையத்தில் சென்று அடைத்துக்கொள்ளும் ஒரு சிறு புரதத் தடுப்பானைக் கணையமே உடன் சுரக்கிறது. 1948இல் கசால் பிரித்தெடுத்த அத்தடுப்பானின் மரபணு ஸ்பிங்க்1. வெப்பமண்டலக் கணைய அழற்சி உள்ளோரில் பெரும் பங்கினரிடம் அம்மரபணுவில் என்34எஸ் என்னும் மாற்றம் காணப்பட்டது. இம்மாற்றம் உள்ள நலமானவர்களும் உண்டு. மேலும் அது தடுப்பானின் பிடியைத் தளர்த்துவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டவில்லை. அதனோடு சேர்ந்து மரபாக வரும் வேறு மாற்றங்கள் தடுப்பானின் அளவைக் குறைப்பதாகக் கருதப்படுகிறது. நோயின் முழுக் காரணம் இதுவன்று, ஆனால் இடரைக் கூட்டும் காரணி இது என்பது உறுதி. மரச்சீனியின் மீது சாற்றிய பழியில் பெரும்பகுதி இதனால் நீங்கிற்று.

கிழங்குகளும் இத்தகைய காவலை வைத்துள்ளன. சீனிக்கிழங்கு, சேம்பு, சிறுகிழங்கு முதலியவற்றில் பூச்சியின் குடலிலுள்ள செரிமான நொதிகளை முடக்கும் டிரிப்சின், அமைலேஸ் தடுப்பான்கள் இருக்கின்றன. அவை புரதங்களாதலால் நன்கு வேகவைக்கும்போது பெரிதும் அழிகின்றன. மரச்சீனியின் காவலையோ மனிதர் பயிர்க்காப்புக்கே திருப்பியிருக்கின்றனர். ஸ்ரீகாரியம் நிறுவனம், அறுவடைக்குப்பின் வயலில் வீணாகும் மரச்சீனி இலையிலிருந்து பூச்சிக்கொல்லிக் கூறுகளைப் பிரித்து நன்மா, மேன்மா, ஷ்ரேயா என மூன்று தாவர மருந்துகளை உருவாக்கியது. இவற்றுள் மேன்மா, முன்பு குருணை மருந்து இட்ட அதே ஏத்தன் வாழையின் தண்டுக்குள் ஊசியால் செலுத்தப்பட்டு, உள்ளே துளைத்துச் செல்லும் கூன்வண்டின் புழுவைச் சென்றடைகிறது.